சின்ன ரூமுக்கு எத்தனை இஞ்ச் டி.வி.?

"ஐயா, ஒரு மாசமா பின்னங்கழுத்துல ஆரம்பிச்சு உச்சந்தலை வரைக்கும் இழுக்குது. ராத்திரியானா கண்ணு வேற எரியுது. சூரணம் ஏதாவது இருந்தா குடுங்க!"

சந்தை நாள் காலை. எங்கள் அவலூர்பேட்டையில் வாரச்சந்தை என்றால் என் வைத்தியசாலைத் திண்ணையிலும் கூட்டம்தான். வந்தவர் மல்லாட்டை வியாபாரி, வயது நாற்பத்தைந்து இருக்கும். நாடி பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். இரண்டும் சரியாகவே இருந்தன. தலையணையை மாற்றினீர்களா, மூட்டை தூக்கினீர்களா, எண்ணெய்க் குளியல் விட்டுப்போயிற்றா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க ஐயா" என்றார்.

"சரி, வீட்டுல புதுசா என்ன மாத்தம்?"

முகம் மலர்ந்துவிட்டது. "டி.வி. தான் ஐயா புதுசு! 55 இஞ்ச். எங்க தெருவுலயே பெரிசு!"

"எங்க மாட்டியிருக்கீங்க?"

"கீழ பீரோ இருக்குதுங்களே... அதுக்கு மேல, கூரைக்கு ஒரு அடி கீழ."

"நீங்க எங்க உட்காருவீங்க?"

"எதுத்த சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு, பாய்லதான்."

பத்துக்குப் பத்து ரூம். ஏழடி உயரத்தில் டி.வி. தரையில் பாய். தினமும் மூன்று மணி நேரம் கழுத்தை அண்ணாந்து வைத்திருந்தால் எந்தக் கழுத்துதான் தாங்கும்? கழுத்துக்குத் தைலம் கொடுத்தேன். கூடவே, பீரோவை அடுத்த சுவருக்குத் தள்ளிவிட்டு டி.வி.யைக் கீழே இறக்கச் சொன்னேன். மூன்றே வாரத்தில் வலி போயிற்று. தைலம் பாதி வேலை செய்தது, ஸ்க்ரூ டிரைவர் பாதி வேலை செய்தது!

'சித்த வைத்தியருக்கு டி.வி. கடையில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது! அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், போனஸ் வந்ததும், நம் வீடுகளில் முதலில் பேச்சு எழுவது டி.வி. பற்றித்தான். விலை பார்க்கிறோம், கம்பெனி பார்க்கிறோம், தவணை பார்க்கிறோம். அது போய் உட்காரப்போகிற ரூமை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனால் கண்ணும் கழுத்தும் காதும் தூக்கமும் அந்த ரூமுக்குள்தானே இருக்கின்றன?

முதலில் ரூமை அளங்க!

டி.வி.யின் இஞ்ச் என்பது அதன் அகலம் இல்லை. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளப்பது. 32 இஞ்ச் டி.வி.யின் திரை சுமார் 28 அங்குல அகலம், 16 அங்குல உயரம். 43 இஞ்ச் என்றால் சுமார் 37½ அங்குல அகலம், 21 அங்குல உயரம். 55 இஞ்ச் என்றால் 48 அங்குல அகலம், 27 அங்குல உயரம். அதாவது நாலடி அகலம்!

அடுத்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து திரை வரை எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பத்தடி ரூம் என்பதால் பத்தடி தூரம் கிடைத்துவிடாது. ஸ்டாண்டு ஒரு அடி எடுத்துக்கொள்ளும். நீங்கள் கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்தால் இரண்டு அடி போய்விடும். மிச்சம் ஏழடிதான், பல வீடுகளில் ஆறடிதான்.

இப்போது ஒரு எளிய கணக்கு. டி.வி.யின் இஞ்சை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே வைத்துப் பெருக்கினால் வசதியான மிகக் குறைந்த தூரம் வரும். இரண்டு மடங்கு வைத்தால் நிதானமாகப் பார்க்கும் தூரம் வரும். 32 இஞ்சுக்கு நாலேகாலிலிருந்து ஐந்தரை அடி. 43 இஞ்சுக்கு ஐந்தே முக்காலிலிருந்து ஏழேகால் அடி. 55 இஞ்சுக்கு ஏழேகாலிலிருந்து ஒன்பது அடி.

ஆக, எட்டுக்கு எட்டு ரூம் என்றால் 32 போதும். பத்துக்குப் பத்து ரூமில் ஆறேழு அடி கிடைத்தால் 43 சரியாக இருக்கும். அங்கே 55 இஞ்ச் வைத்தால் கண் கெட்டுப்போகுமா? போகாது. ஆனால் படத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கண்ணும் கழுத்தும் ஓடிக்கொண்டே இருக்கும். வேகமான காட்சிகளில் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். கோயில் கோபுரத்தை அடிவாரத்தில் நின்று பார்ப்பது மாதிரிதான்!

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? பழைய செய்தித்தாள்களை ஒட்டி மேலே சொன்ன அளவில் வெட்டுங்கள். டி.வி. வரப்போகிற சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பீரோ கதவு அதில் இடிக்கிறதா, ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுகிறதா, உட்கார்ந்து பார்த்தால் மிரட்டுகிறதா என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும்.

'கிட்ட உட்காராதே!' எங்கிருந்து வந்தது?

என் தலைமுறைக்கு டி.வி. என்றாலே ஊருக்குப் பொதுவானது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் விடுதியின் டி.வி. முன்னால் நெரிசல் எப்படி இருக்கும் தெரியுமா! கடைசி வரிசைக்காரன் பதினைந்து அடி தள்ளி நின்று எட்டிப் பார்ப்பான். 2006-ல் தமிழக அரசு வீடு வீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தபோது, அது 14 இஞ்ச் டி.வி. பல வீடுகளுக்கு அதுதான் முதல் டி.வி. அத்தனை சின்னத் திரைக்கும் நம் பாட்டிமார்கள் சொன்னது ஒன்றுதான்: "கிட்ட போகாதடா, கண்ணு அவிஞ்சிடும்!"

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. பழைய பெட்டி டி.வி.க்குள் பிக்சர் டியூப் இருந்தது. அதிக மின்னழுத்தத்தில் எலெக்ட்ரான்கள் பாய்ந்து கண்ணாடியில் மோதித்தான் படம் தெரியும். அப்போது கொஞ்சம் எக்ஸ்ரே கதிரும் உண்டாகும். 1967-ல் அமெரிக்காவில் சில கலர் டி.வி.க்களில் அந்தக் கதிர் அளவுக்கு மேல் கசிந்தது தெரிந்து, அவற்றைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின, கண்ணாடியில் ஈயம் கலந்து கதிரைத் தடுத்தார்கள். ஆனாலும் 'தள்ளி உட்கார்' என்ற பேச்சு உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. தவிர, பழைய டி.வி.யின் படம் விநாடிக்கு ஐம்பது முறை மினுங்கும், கோடு கோடாகத் தெரியும். தள்ளி உட்கார்ந்தால்தான் பார்க்கவே முடியும்.

இன்றைய தட்டை டி.வி.யில் பிக்சர் டியூபே கிடையாது. எக்ஸ்ரே கதிருக்கு வேலையே இல்லை. அதனால் பழைய டி.வி.க்குச் சொன்ன எட்டடி, பத்தடிக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

"அப்படின்னா புள்ளைங்க கிட்ட உட்கார்ந்தா பரவாயில்லையா?"

இங்கேதான் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடி வாங்கின பையன்

சில வருஷங்களுக்கு முன், பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் மகனைக் கூட்டி வந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கிற பையன். "டி.வி.க்கு ரெண்டடியில போய் நிக்கிறான் ஐயா, சொன்னா கேக்க மாட்டேங்கிறான். கண்ணுக்கு ஏதாவது குடுங்க" என்றார். நானும் பொன்னாங்கண்ணிக் கீரை கொடுங்கள், தலைக்கு எண்ணெய் வையுங்கள், டி.வி.யைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அதே பையன் காய்ச்சலோடு வந்தான். "இப்ப டி.வி. பாக்கறானா?" என்று கேட்டேன். "எங்க ஐயா! அவங்கப்பா பெல்ட்டால நாலு வெச்சு, டி.வி.யையே உள் ரூம்ல போட்டுப் பூட்டிட்டாரு. அப்பவும் படிப்பு ஏறலை. வாத்தியார் மந்தம்னு சொல்லிட்டாரு" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெரிய தேதியை மட்டும் சொன்னான். அதற்குக் கீழே இருந்த கிழமையைப் படிக்கத் தெரியவில்லை. அருகே கூட்டிப் போனேன். கிழமை, நட்சத்திரம், ராகு காலம் வரை கடகடவென்று படித்தான்! கண் டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் இரண்டரை பவர். கண்ணாடி போட்ட மறுநாளே முதல் பெஞ்சில் நின்று எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டான். டி.வி.யையும் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறான்.

டி.வி.க்குக் கிட்ட நின்றதால் அவன் கண் கெடவில்லை. கண்ணில் குறை இருந்ததால் கிட்டப் போய் நின்றான். அவன் சொல்லத் தெரியாமல் காட்டிய அடையாளம் அது. அவன் அப்பா அதைப் பிடிவாதம் என்று படித்தார். நான் கீரைக்குள் தேடினேன். ஒரு வருஷம் போயிற்று, அடியும் வாங்கினான்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், கண்ணைச் சுருக்கினால், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தால், திட்டாதீர்கள். முதலில் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். அரசுப் பள்ளிகளில் கண் பார்த்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் திட்டமே இருக்கிறது. புது டி.வி.க்கு முன் அந்தப் பரிசோதனை முக்கியம். பெரிய டி.வி. வாங்கிவிட்டால், பிள்ளையின் குறை அந்தப் பெரிய படத்துக்குள் இன்னும் இரண்டு வருஷம் ஒளிந்துகொள்ளும்!

புள்ளிக் கணக்கு

கடையில் 'எச்.டி. ரெடி', 'ஃபுல் எச்.டி.', '4கே' என்று அடுக்குவார்கள். பயப்பட வேண்டாம். திரையில் எத்தனை புள்ளிகள் என்பதுதான் விஷயம். எச்.டி. ரெடியில் குறுக்கே 1,366 புள்ளிகள். ஃபுல் எச்.டி.யில் 1,920. 4கே-யில் 3,840.

நல்ல பார்வை உள்ள கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 32 இஞ்ச் எச்.டி. ரெடி டி.வி.யை ஆறடியிலிருந்து பார்த்தால் தனிப் புள்ளி தெரியாது. 43 இஞ்ச் ஃபுல் எச்.டி.யும் அப்படித்தான், ஐந்தரை அடிக்கு மேல் தள்ளிப்போனால் புள்ளி தெரியாது. ஆறேழு அடியில் உட்காரும் வீட்டில், 43 இஞ்ச் ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்கும் கூர்மையில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குப் படாது. 4கே டி.வி. அதே விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள். அதற்காகவே கூடுதலாகக் கொட்டிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். உங்கள் வீட்டில் வருவது சாதாரண கேபிள் படம் என்றால், டி.வி. பெரிதாகப் பெரிதாகப் படம் மங்கலாகத்தான் தெரியும். சின்னப் போட்டோவைப் பெரிதாக்கிப் பிரேம் போட்டது மாதிரி! செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் போகிறதா, எச்.டி.எம்.ஐ. ஒயர் போகிறதா என்று பாருங்கள். பாக்ஸ் எச்.டி. பாக்ஸாக இருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர் மாட்டினால், அதே டி.வி. புது டி.வி. ஆகிவிடும்.

வரி விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு 32 இஞ்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவிகிதமாகக் குறைந்தது. 32 இஞ்சுக்கு உள்ள அதே வரிதான் இப்போது 43-க்கும்.

எந்த உயரத்தில் மாட்டணும்?

உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்துக்குத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். தரையில் உட்காருபவருக்குக் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நாற்காலியில் உட்காருபவருக்கு மூன்றே முக்கால் அடி. வீட்டில் இரண்டு வகையினரும் இருந்தால் மூன்றடியில் வையுங்கள். கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்ப்பதில் தவறில்லை. அண்ணாந்து பார்ப்பதுதான் கூடாது.

கழுத்து வலிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. அண்ணாந்து பார்க்கும்போது இமை அகலத் திறக்கிறது. கண்ணின் ஈரம் சீக்கிரம் காய்கிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல், உறுத்தல், மணல் விழுந்த மாதிரி உணர்வு எல்லாம் வரும். மல்லாட்டை வியாபாரியின் கண் எரிச்சலுக்குக் காரணம் இதுதான். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மண்சுவர் உண்டு. மேலே சிமென்ட் பூசி இருப்பதால் தெரியாது. அதில் திருகாணி போட்டு டி.வி. மாட்டினால் பொலபொலவென்று பெயர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஸ்டாண்டே நல்லது. ஆனால் தவழுகிற, எட்டிப் பிடிக்கிற குழந்தை இருந்தால் கவனம்! தட்டை டி.வி. மெல்லிய காலில் நிற்பது. குழந்தை இழுத்தால் அப்படியே முகத்தில் கவிழும். டி.வி.யின் பின்பக்கத் துளையில் பட்டை மாட்டி, ஸ்டாண்டோடும் சுவரோடும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ரிமோட்டையோ பொம்மையையோ டி.வி.க்கு மேலே வைக்காதீர்கள். அதை எடுக்கத்தான் குழந்தை ஏறும்.

கடையில் நின்று பாருங்கள்

கடையில் பத்து டி.வி. பளபளவென்று ஓடும். அதில் மயங்கிவிடாதீங்க! கடை வெளிச்சத்துக்காக நிறத்தையும் ஒளியையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். "வீட்டு மோடுல மாத்திக் காட்டுங்க" என்று கேளுங்கள். மாற்றிக் காட்டச் சங்கடப்பட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நேராகப் பார்த்தது போதும், பக்கவாட்டில் நின்று பாருங்கள். சின்ன ரூமில் எல்லோரும் நேர் எதிரே உட்கார முடியாது. ஒருவர் கட்டிலில், ஒருவர் கதவோரம், ஒருவர் அடுப்படி வாசலில் நின்றபடி. சில திரைகளில் பக்கவாட்டில் பார்த்தால் முகம் வெளிறிப்போகும். 'ஐ.பி.எஸ்.' வகைத் திரையில் பக்கவாட்டில் நிறம் அவ்வளவாக மாறாது. 'வி.ஏ.' வகையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் நேராக உட்கார வேண்டும். குடும்பத்துக்கு ஐ.பி.எஸ். வசதி.

'எல்.இ.டி.', 'க்யூ.எல்.இ.டி.' எல்லாம் பின்னால் விளக்கு எரிந்து முன்னால் படம் தெரிகிற ஒரே குடும்பம்தான். 'ஓ.எல்.இ.டி.' மட்டும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. படம் அருமையாக இருக்கும், விலையும் அப்படியே. ஆனால் நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடுகிற வீட்டுக்கு அது வேண்டாம். அடியில் ஓடும் பட்டையும் மூலையில் உள்ள சின்னமும் காலப்போக்கில் திரையில் தடமாகப் பதியலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஒளியைக் குறைப்பது. ஜன்னலுக்கு எதிரிலோ, ஜன்னலை ஒட்டி அதன் பக்கத்திலோ டி.வி. வேண்டாம். ஜன்னல் உங்கள் வலது அல்லது இடது கைப்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். ராத்திரியில் ரூமை இருட்டாக்கிப் பார்க்காதீர்கள். டி.வி.க்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு எரிந்தால் கண்ணுக்கு இதம்.

காதும் கரண்டும்

டி.வி. மெலிய மெலிய ஸ்பீக்கரும் மெலிந்துவிட்டது. பல டி.வி.க்களில் சத்தம் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோதான் போகிறது. பெரியவர்களுக்கு இசை காதில் விழும், பேச்சு புரியாது. உடனே சத்தத்தைக் கூட்டுவார்கள். பக்கத்து ரூமில் படிக்கிற பிள்ளை பாடு திண்டாட்டம்! டி.வி.யின் ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் சின்ன சவுண்ட் பார் ஒன்று போதும். அதற்கும் மேலே சத்தம் கேட்டால், பெரியவரின் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம்.

கரண்ட் கணக்கு உத்தேசமாகச் சொல்கிறேன். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 300 மணி. 50 வாட்ஸ் எடுக்கும் 32 இஞ்ச் டி.வி. 15 யூனிட் சாப்பிடும். 80 வாட்ஸ் எடுக்கும் 43 இஞ்ச் 24 யூனிட். 140 வாட்ஸ் எடுக்கும் 55 இஞ்ச் 42 யூனிட். இத்தனை யூனிட் இலவசம் என்று கணக்குப் பார்க்கிற நம் வீட்டில், பெரிய டி.வி. அதில் கணிசமான பங்கை விழுங்கப் பார்க்கும். நட்சத்திரக் குறியீட்டு ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல் அந்த எண்ணையும் படியுங்கள். இடி இடித்தால் பிளக்கையும் கேபிள் ஒயரையும் உருவிவிடுங்கள்.

தூக்கமும் சோறும்

நம் நடுத்தர வீடுகளில் டி.வி. இருக்கிற ரூம்தான் படுக்கிற ரூம். இதுதான் எனக்குப் பெரிய கவலை! இரவில் பளிச்சென்ற ஒளி கண்ணில் பட்டால், தூக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. இரவு விழிப்பால் பித்தமும் வாதமும் கூடும் என்று எங்கள் ஆசிரியர்கள் சொன்னதற்கும் இதற்கும் வெகு தூரமில்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டி.வி.யை நிறுத்துங்கள். பெரும்பாலான டி.வி.க்களில் 'ஸ்லீப் டைமர்' இருக்கிறது. ஒன்பதரைக்குத் தானாக அணைகிற மாதிரி வைத்துவிட்டால் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் கை போடுவது வயிற்றுக்குத் தெரியாது. அளவு மீறும், மெல்லுவது குறையும், மந்தம் வரும். குழந்தைக்குச் சோறூட்ட டி.வி. போடுகிற தாய்மார்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வழிகாட்டியிருக்கிறது.

கண்ணுக்கு என்ன செய்யலாம்?

சித்த மருத்துவம் கண் நோய்களை 96 என்று வகுத்திருக்கிறது. பார்வையை நடத்தும் ஆலோசகப் பித்தம் கண்ணில் குடியிருக்கிறது என்பது எங்கள் பாடம். பித்தம் கூடாமல் பார்த்துக்கொண்டாலே பாதி எரிச்சல் தீரும். வாரம் இரண்டு முறை எண்ணெய்க் குளியல். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை இவற்றில் ஏதாவது ஒன்று அடிக்கடி சாப்பாட்டில். நேரத்துக்குத் தூக்கம். இவை கண்ணைப் பேணும். ஆனால் கிட்டப்பார்வைக்கு மாற்று கண்ணாடிதான். கீரை பவரை இறக்காது. இதை அந்தப் பையன் எனக்குக் கற்றுக்கொடுத்தான்!

யாரோ சொன்னார்கள் என்று பூச்சாறு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கிருமி புகுந்தால் கருவிழியே புண்ணாகிவிடும்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால் இருக்கும் ஏதாவது ஒன்றை இருபது விநாடி பாருங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. வாசலில் வந்து நின்றால் சித்தகிரி மலை. செஞ்சிப் பக்கம் போனால் ராஜகிரிக் கோட்டை. விளம்பரம் போடுகிற நேரத்தில் எழுந்து வந்து மலையைப் பாருங்கள், கண்ணை நாலு தடவை இமையுங்கள், அடுப்படியில் ஒரு கை உதவி செய்யுங்கள். பிள்ளைகளைச் சாயங்காலம் வெயிலும் காற்றும் படத் தெருவில் விளையாட விடுங்கள். வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

எங்க வீட்டுக் கதை

"எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க என்ன வாங்கினீங்க?" என்று கேட்பீர்கள்.

எங்கள் ரூம் பத்துக்கு ஒன்பது. என் மகன் 55-க்கு ஒற்றைக் காலில் நின்றான். எதிர்ச் சுவரில் செய்தித்தாளை ஒட்டினேன். மூன்றாம் நாள் அவனே, "அப்பா, 43 போதும்பா" என்றான். எண்பது வயதான என் அம்மாவுக்கு மட்டும் அதிலும் முகம் தெரியவில்லை. "பெரிசா வாங்கியிருக்கலாம்டா" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பையன் கற்றுக்கொடுத்த பாடம்! கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. டி.வி. பெரிதாக இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் தெரியாமல் போயிருக்கும்.

ஆபரேஷன் முடிந்து, கண்ணாடி வந்து, ஒரு நாள் சாயங்காலம் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா தம்பி, உனக்கு இவ்ளோ நரைச்சுடுச்சா? சொல்லவே இல்லையே!" என்றார்.

டி.வி. வாங்கப் போகிறீர்களா? சந்தோஷமாக வாங்குங்கள். கிளம்புவதற்கு முன்னால் ரூமை ஒரு தடவை அளந்துவிடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருடைய கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்!